ஒரே நாளில் கேதாரம்

அதிகாலை 5 மணி. கௌரிகுண்டில் டார்ச் வெளிச்சமும் கோவேறு கழுதைகளின் மணிச் சத்தமும் சாண வாடையும் கலந்து நிற்கின்றன. இங்கிருந்து கேதார்நாத் 16 கிலோமீட்டர். பெரும்பாலோர் மேலே ஓர் இரவு தங்கிவிட்டுத்தான் இறங்குகிறார்கள். அன்றே திரும்பிவிடுவது என்று நானும், சென்னை வங்கி ஒன்றில் வேலை பார்க்கும் ஐம்பது வயது நண்பரும் திட்டமிட்டிருந்தோம். பக்தியின் வேகம் என்று நினைத்துவிட வேண்டாம். மறுநாள் இரவு ஹரித்வாரில் ரயில் பிடிக்க வேண்டியிருந்தது.

32 கிலோமீட்டர் என்பதுகூடப் பெரிதில்லை. உயரம்தான் ஆளைச் சாய்க்கிறது. கௌரிகுண்டு 1,982 மீட்டர். கேதார்நாத் 3,583 மீட்டர். மேலே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். உடம்பு அதற்குப் பழக நாள் கணக்கில் அவகாசம் கேட்கிறது. நாங்கள் கொடுத்தது மணிக் கணக்கு.

பழைய பாதை 14 கிலோமீட்டர். 2013 ஜூனில் சோராபாரி ஏரி உடைந்து பாய்ந்த வெள்ளம் அதை அரித்துப்போனது. வழிநெடுகக் கடைகளும் விடுதிகளுமாக இருந்த ராம்பாடா என்ற ஊரே இல்லாமல் போயிற்று. இப்போது அந்த இடத்தில் மந்தாகினியைக் கடந்து, எதிர்க்கரையில் புதிதாக வெட்டிய பாதையில் ஏற வேண்டும். மூச்சு வாங்குவது இங்கேதான்.

லிஞ்சோலியில் நண்பர் உட்கார்ந்துவிட்டார். தலைவலி, குமட்டல். "இன்னும் நாலைந்து கிலோமீட்டர்தான் சார், மெதுவா போயிடலாம்" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. மருத்துவ முகாமில் இருந்த இளம் டாக்டர் அவர் விரலில் கருவியை மாட்டிப் பார்த்துவிட்டு, "இறங்குங்கள், உடனே" என்றார்.

"நீங்க போய்ட்டு வாங்க சார், இவ்வளவு தூரம் வந்துட்டு..." என்றார் நண்பர். மேலே பார்த்தேன். பனிச் சிகரம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோல் தெரிந்தது. ஐந்து நிமிடம் யோசித்தேன் என்பதை மறைப்பதற்கில்லை. பிறகு கண்டி பேசினோம். முதுகில் கட்டிய கூடையில் ஆளைச் சுமப்பதற்கு இங்கே அதுதான் பெயர். நண்பரைவிட எடை குறைந்த நேபாள இளைஞர் ஒருவர் அவரைத் தூக்கிக்கொண்டு நடந்தார். பின்னால் நான்.

திருக்கேதாரத்தைப் பாடிய ஞானசம்பந்தரும் சுந்தரரும் காளத்தியிலிருந்தபடியே பாடினார்கள் என்கிறது பெரியபுராணம். கயிலைக்கு நடந்தே புறப்பட்ட அப்பருக்கோ கால் தேய்ந்து, கடைசியில் காட்சி கிடைத்தது திருவையாற்றில். இறங்கும்போது இதெல்லாம் ஆறுதலாக இருந்தது.

பீம்பலி நெருங்கியபோது கூடையிலிருந்து குரல் வந்தது: "சார், ஒரு டீ சொல்லுங்க." உயர நோய்க்கு இறக்கத்தைவிட நல்ல மருந்தில்லை.

சோன்பிரயாகிலிருந்து கேதார்நாத்துக்கு 12.9 கிலோமீட்டர் ரோப்வே அமைக்க 2025 மார்ச்சில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. செலவு 4,081 கோடி ரூபாய். பயணம் 36 நிமிடம். நண்பர் அதற்காகக் காத்திருக்கிறார். 36 நிமிடத்தில் அந்த உயரத்துக்குப் போனால் உடம்புக்குப் பழகவே நேரமிருக்காதே என்றேன்.

"அப்ப மேலே ஒரு நாள் தங்கிடலாம் சார்" என்கிறார்.