கிண்டர்டைக் கிராமத்தின் காற்றாலைகள்

வயலுக்கு ஜலம் இறைப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். வயலிலிருந்து ஜலத்தை இறைத்து வெளியேற்றினாலன்றி ஜனங்கள் பிழைக்க முடியாத தேசம் ஒன்று உண்டு. அதுதான் ஹாலந்து. அந்நாட்டு நிலத்தில் ஏறக்குறையக் கால் பங்கு கடல் மட்டத்துக்குத் தாழ்ந்தது.

ராட்டர்டாம் நகருக்குக் கிழக்கே, லெக், நூர்ட் என்னும் நதிகள் கூடுமிடத்தில் கிண்டர்டைக் கிராமம் இருக்கிறது. 'குழந்தைக் கரை' என்பது அப்பெயரின் பொருள். 1421-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் ஒரு தொட்டில் மிதந்து வந்ததாம். அது கவிழாதபடி ஒரு பூனை இப்புறமும் அப்புறமும் தாவி உள்ளிருந்த குழந்தையைக் காத்ததாம். இது கர்ண பரம்பரைக் கதை.

அங்குள்ள சதுப்பு மண், ஈரம் வடிய வடியத் தாழ்ந்துகொண்டே போகும். ஆகவே, வாய்க்கால்களை மட்டும் நம்பிப் பயனில்லையென்று கண்ட ஜனங்கள் காற்றின் துணையை நாடினர். 1738-இல் செங்கல்லால் எட்டு வட்டக் காற்றாலைகள் எழுந்தன. 1740-இல் நாணல் வேய்ந்த எண்கோண ஆலைகள் எட்டு எழுந்தன. மற்ற மூன்றையும் சேர்த்து இன்று அங்கு 19 காற்றாலைகள் நிற்கின்றன. இறக்கைகள் சுழல, அவற்றோடு இணைந்த சக்கரம் ஜலத்தை மேலே உள்ள தேக்கத்துக்கு ஏற்றும். நதியில் நீர் தாழும் சமயம் மதகைத் திறந்து அதை வடித்துவிடுவார்கள்.

ஆலைக்காரர் குடும்பத்தோடு ஆலைக்குள்ளேயே வசித்தார். அயலாருக்குச் செய்தி சொல்லவும் இறக்கைகளே உதவின. ஓர் இறக்கை உச்சியை எட்டுமுன் நின்றால் சந்தோஷம். உச்சியைச் சற்றே கடந்து நின்றால் துக்கம்.

பின்பு நீராவி யந்திரமும், அதன்பின் எண்ணெய் யந்திரமும் வந்தன. நாடெங்கும் ஆயிரக்கணக்கான காற்றாலைகள் அழிந்தன. எஞ்சியவற்றைக் காக்க 1923-இல் ஒரு சங்கம் தோன்றியது. இரண்டாவது மகாயுத்தத்தில் எண்ணெய் கிடைக்காமற்போகவே, பழமையென்று ஒதுக்கப்பட்ட கிண்டர்டைக் ஆலைகளே மறுபடியும் சுழன்று வயல்களைக் காத்தன!

1997-இல் ஐக்கிய நாடுகளின் கல்வி, விஞ்ஞான, கலாசார ஸ்தாபனம் இவற்றை உலகப் பாரம்பரியச் சொத்தாக அங்கீகரித்தது. ஆனால் கட்டடத்தைக் காப்பது பாதி வேலைதான். சுழலாத ஆலையில் மரம் உளுத்துப்போகும். காற்றின் போக்கறிந்து பாய் விரிக்கத் தெரிந்தவர் இல்லையேல் ஆலை சுழலாது. இதை உணர்ந்தே 1972-இல் தொண்டர்களுக்குத் தொழில் கற்பிக்கும் சங்கம் ஒன்றை நிறுவினர். 2017-இல் ஆலைக்காரரின் கைத்திறனையும் உலகப் பாரம்பரியமாக ஏற்றுக்கொண்டனர்.

முன்னோர் விட்டுச் சென்ற பொருளோடு, அதை இயக்கும் வித்தையையும் அடுத்த தலைமுறைக்குக் கற்பிப்பதே உண்மையான பாதுகாப்பு.