ஒரு துளி இரத்தமும் இரு சாயங்களும்

மழைக் காலத்தில் கல்மண்டபத்துப் பக்கம் யாருக்கேனும் குளிர் ஜுரம் கண்டு, கார்ப்பொரேஷன் சுகாதார நிலையத்துக்கோ ஸ்டான்லி வைத்தியசாலைக்கோ போனால், விரல் நுனியில் ஊசியால் குத்தி, ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவிக்கொள்கிறார்கள். தகடு உள்ளே போகிறது. சிறிது நேரங் கழித்து ஒரு சீட்டு வெளியே வருகிறது. இடையில் என்ன நடக்கிறதென்று நம்மில் அநேகர் விசாரிப்பதில்லை. விசாரிக்கத் தக்க விஷயந்தான் அது.

வெறும் இரத்தத்தை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தால் கண்ணுக்குத் துலங்குவது மிகக் கொஞ்சம். மலேரியாக் கிருமி சிவப்பணுவுக்குள் ஒளிந்து வாழ்வது. பழகாத கண் அதைக் கண்டுகொள்வது வெகு கஷ்டம். ஆகவே சாயம் ஏற்ற வேண்டியிருக்கிறது. நமது கல்லூரிகளில் வெகுவாக வழங்குவது, லீஷ்மன் என்னும் பிரிட்டிஷ் ராணுவ வைத்தியர் 1901-இல் அமைத்த சாயம். ஸ்டான்லியில் முதல் வருஷம் படிக்கும் பிள்ளைகள், தங்கள் விரலையே குத்தி எடுத்த இரத்தத்தில் அதைக் கொண்டு பழகுகிறார்கள்.

அதில் இருப்பவை இரு சாயங்கள்: மெதிலீன் நீலம் ஒன்று, இயோசின் என்னும் சிவப்பு மற்றொன்று. நீலம் காரத் தன்மையுள்ளது. ஆதலால் அணுவின் கருவிலுள்ள அமிலப் பொருளை நாடிப் பற்றுகிறது. இயோசின் அமிலத் தன்மையுள்ளது. அது சிவப்பணுவிலுள்ள ஹீமோகுளோபினைப் பற்றுகிறது. நீலத்தில் ஒரு பகுதி நாளாவட்டத்தில் மாறுதலடைந்து, இயோசினோடு கூடி, இரண்டுமல்லாத ஓர் ஊதா நிறத்தைத் தருவதுதான் இதன் விசேஷம். இந்தச் சேர்க்கையை முதலில் கவனித்துப் பயன்படுத்தியவர்களில் ருஷிய வைத்தியர் ரொமனாவ்ஸ்கி ஒருவர்; அது 1891-இல். கிருமியின் உடல் நீலமாகவும் அதன் கரு மாணிக்கப் பொட்டுப்போலவும் தெரியும்போது, ஜுரம் இன்ன ஜாதி மலேரியா என்று சொல்லிவிடலாம். இது வெறும் பெயர்ப் பொருத்தமன்று. ‘வைவாக்ஸ்’ ஜாதியானால், ஈரலில் உறங்கும் கிருமியையும் அழிக்க வேறு மருந்து சேர்த்துக் கொடுக்க வேண்டும்; ‘பால்சிபாரம்’ ஆனால் ஒரு நாள் தாமதமும் உயிருக்கு ஆபத்தாகலாம். உடனே விடை சொல்லும் அட்டைப் பரிசோதனை இன்று வந்திருக்கிறது. ஆனால் கிருமிகளை எண்ணிப் பார்க்கத் தகடுதான் வேண்டும்.

இச்சாயத்துக்குச் சென்னையோடு பழைய சம்பந்தம் உண்டு. மண்ணீரல் வீங்கி, உடல் வற்றி மாண்ட அநேகரை, ஒரு காலத்தில் முற்றிய மலேரியா என்றே எண்ணிச் சிகிச்சை செய்து வந்தார்கள். கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் நோயுற்றுத் தாய்நாடு திரும்பி இறந்த ஒரு சிப்பாயின் மண்ணீரலில் விநோதமான சிறு உருவங்களைக் கண்டதாக லீஷ்மன் 1903 மே மாதம் எழுதினார். அதே சமயத்தில் சென்னை வைத்தியக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த சார்ல்ஸ் டானவன், ரொமனாவ்ஸ்கி முறையில் சாயமேற்றிய தகடுகளில் அவற்றையே கண்டிருந்தார். ஜூன் மாதத்தில் உயிரோடிருந்த ஒரு சிறுவனின் மண்ணீரலிலிருந்தும் எடுத்துக் காட்டிவிட்டார். அது மலேரியா அல்ல, காலா அஸார் என்னும் வேறு நோய் என்பது அதன் பின்னரே தெளிவாயிற்று. அக்கிருமிக்கு ரோஸ் இருவர் பெயரையும் சேர்த்தே சூட்டினார்.

லீஷ்மன் சாயத்தின் குறை, அது கரைந்திருக்கும் திரவம். மெதில் ஆல்கஹால் 100 மில்லிக்குச் சாயப் பொடி 0.15 கிராம்தான், மீதியெல்லாம் அந்த விஷமே. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கு மேற்பட்டோரைப் பலி கொண்ட சாராயத்தில் கலந்திருந்ததும் இதுவே. உடம்பினுள் இது பார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைக் கெடுக்கிறது. சில தேக்கரண்டி அளவே பார்வையைப் பறிக்கப் போதும். மணத்தாலோ ருசியாலோ நல்ல சாராயத்திலிருந்து இதைப் பிரித்தறிய முடியாது. எளிதில் தீப்பற்றும், ஆவியும் தீயது.

இந்த இடத்தில் நம் நாட்டார் செய்த காரியத்தைப் பெருமையோடு சொல்லலாம். உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த 1944-இல், டில்லியிலிருந்த இந்திய மலேரியா ஸ்தாபனத்தில் ஜஸ்வந்த் சிங், பட்டாசார்ஜி என்ற இருவர், தண்ணீரில் கரையும் சாயம் ஒன்றைச் செய்து வெளியிட்டார்கள். மெதிலீன் நீலத்தைக் கந்தகாமிலத்தோடும் பொட்டாசியம் டைகுரோமேட்டோடும் காய்ச்சி, லீஷ்மன் சாயத்தில் காணும் மாறுதலை இவர்கள் நிகழ்த்தினார்கள். விலை மலிவு, ஓரிரு நிமிஷத்தில் தகடு தயார். பின்னாளில் தேசமெங்கும் மலேரியா ஒழிப்பு வேலையில் கோடிக்கணக்கான தகடுகள் இதில் தோய்ந்தெடுக்கப்பட்டன. வெளிநாட்டுப் புட்டியையே பெரிதென்று நினைப்பவர்கள் இதை நினைவில் வைப்பது நலம்.

கையாளும் விதம் சமையலைப் போன்றது, கைப்பக்குவம் வேண்டும். லீஷ்மன் சாயத்தை உலர்ந்த தகட்டின்மேல் ஊற்றி இரண்டு நிமிஷம் விட்டால் ஆல்கஹால் இரத்தத்தைத் தகட்டோடு பிடிக்கச் செய்யும். பிறகு இரு மடங்கு தண்ணீர் சேர்த்து எட்டுப் பத்து நிமிஷம் வைத்துக் கழுவ வேண்டும். அந்தத் தண்ணீர் அமிலமும் காரமுமில்லாத நடு நிலைக்கு ஒட்டியதாக இருக்க வேண்டும். காரம் மிகுந்தால் எல்லாம் நீலமாகிவிடும். அமிலம் மிகுந்தால் கரு வெளிறிப்போகும். கண்ட கிணற்றுத் தண்ணீரை விட்டுவிட்டுக் கிருமி இல்லையென்று சீட்டு எழுதுவது பாவம். சாயப் புட்டியில் ஒரு சொட்டு ஈரம் புகுந்தாலும் மண்டி இறங்கும். அம்மண்டியின் துகள் கிருமியைப் போலவே கண்ணை ஏமாற்றும். புட்டியை இறுக மூடி, வெயிலுக்கும் அடுப்புக்கும் எட்டாமல், ‘விஷம்’ என்று எழுதி வைக்க வேண்டும். குடிநீர்ப் புட்டியில் ஊற்றி வைப்பது ஒருகாலும் ஆகாது.

மெதிலீன் நீலம் உடம்புக்கு நல்லதென்று சொட்டுச் சொட்டாகக் குடிக்கும் ஒரு வழக்கம் இப்பொழுது பரவி வருகிறது. வைத்தியர் சில நோய்களுக்கு அதை அளந்து கொடுப்பது உண்மை. ஆனால் பரிசோதனைச் சாலைச் சாயம் மருந்தாகாது. பிறவியிலேயே ஒருவகை இரத்தக் குறையுள்ளவர்களின் சிவப்பணுக்களை அது உடைத்துவிடும். மனச் சோர்வுக்குச் சில மாத்திரைகள் உட்கொள்வோருக்கும் பெருந்தீங்கு செய்யும்.

விரலில் நீலம் படிந்தால் சோப்புப் போட்டுக் கழுவலாம். போகாவிட்டால் சில நாளில் தானே மறையும். அதைப் போக்கவென்று மெதில் ஆல்கஹாலை எடுத்துத் தேய்ப்பது மட்டும் கூடாது. தோல் வழியாகவும் அது உள்ளே இறங்கும்.