ஒலிம்பஸ்: கடைசி ஆறு மீட்டர் என்ன விலை?

ஒலிம்பஸ் மலை ஏற நுழைவுக் கட்டணம் கிடையாது. 12 தெய்வங்கள் குடியிருந்ததாகக் கதை சொல்லும் இடம், 1938இல் கிரேக்க நாட்டின் முதல் தேசியப் பூங்கா ஆனது. இருந்தும் வாசலில் டிக்கெட் கிழிக்க ஆள் இல்லை. பணமெல்லாம் அடிவாரம் போய்ச் சேரும் முன்பே கரைந்துவிடும். அதன்பிறகு செலவாவது நேரமும் முழங்காலும்தான்.

முதலில் பணக் கணக்கு. இந்திய பாஸ்போர்ட்டில் போகிறவருக்கு ஷெங்கன் விசா 90 யூரோ; 6 வயது முடிந்து 12 ஆகாத பிள்ளைக்கு 45. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டால் இந்தப் பணம் திரும்பாது. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்கும் குறைவாக இருந்தால் வாங்கமாட்டார்கள். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். மலையேற்ற விபத்தை விலக்கிவைக்கும் பாலிசிகள் உண்டு, பிரீமியத்தைப் பார்ப்பதற்கு முன் அந்த ஷரத்தைப் பார்ப்பது நல்லது.

ஓட்டல் வாடகையோடு ஒரு வரியும் வரும். 2025 முதல், ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை, அறை ஒன்றுக்கு ஓர் இரவுக்கு 3 நட்சத்திர ஓட்டலில் 5 யூரோ, 4 நட்சத்திரத்தில் 10, 5 நட்சத்திரத்தில் 15. இரண்டு இரவு என்றால் 10 யூரோவிலும் முடியும், 30 யூரோவும் ஆகும். விடியற்காலையில் எழுந்து மலைக்கு ஓடப்போகிறவருக்கு ஐந்தாவது நட்சத்திரம் எதற்கு?

இனி மலையின் கணக்கு. தெசலோனிகியிலிருந்து சுமார் 90 கி.மீ. தெற்கே, கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்தில் லிட்டோகோரோ என்ற சிற்றூர். அங்கிருந்து 18 கி.மீ. தார்ச்சாலை பிரியோனியாவில், 1,100 மீட்டரில் முடிகிறது. டாக்ஸியை நாலு பேராகப் பகிர்ந்துகொண்டால் கட்டுப்படியாகும். எனிபியாஸ் பள்ளத்தாக்கு வழியாக நடந்தும் வரலாம்; அதற்கு மட்டும் 5 முதல் 6 மணி நேரம் தனியாக ஒதுக்க வேண்டும்.

பிரியோனியாவில் குடிநீர் பிடித்துக்கொள்ளுங்கள், ஆளுக்கு 2 லிட்டர். அடுத்த தண்ணீர் 2,100 மீட்டரில், ஸ்பிலியோஸ் அகாபிடோஸ் மலைவிடுதியில்தான். ஏற்றம் 1,000 மீட்டர், நேரம் சுமார் 3 மணி. வழியில் கோவேறு கழுதைகள் வந்தால் ஒதுங்கி நில்லுங்கள். விடுதிக்குப் போகும் சரக்கு அவற்றின் முதுகில்தான் ஏறுகிறது. மே நடுவிலிருந்து அக்டோபர் இறுதிவரை விடுதி திறந்திருக்கும். நூறு பேருக்கு மேல் படுக்கலாம் என்றாலும் ஆகஸ்ட் சனிக்கிழமையை நம்பி முன்பதிவில்லாமல் போகக்கூடாது.

உடுப்புக்கும் கணக்கு உண்டு. 1,000 மீட்டருக்கு சுமார் 6.5 டிகிரி குறையும். கீழே கடற்கரையில் 32 டிகிரி அடிக்கும் நாளில் உச்சியில் 13. காற்று வீசினால் அதுவும் இல்லை.

இரண்டாம் நாள்தான் பெரிய செலவு. விடுதியிலிருந்து ஸ்காலா முனைக்கு இரண்டரை மணி நேரம். அங்கே வழி இரண்டாகப் பிரியும். ஒரு பக்கம் ஸ்கோலியோ, 2,911 மீட்டர். சாதாரண நடை, 20 முதல் 30 நிமிடம். இன்னொரு பக்கம் மிட்டிகாஸ், 2,917 மீட்டர், மலையின் உச்சி. சிவப்புப் பெயின்ட் அடித்த பாறைகளைப் பார்த்துப் பார்த்து, கையும் காலும் ஊன்றி முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் தொற்ற வேண்டும். முன்னே போகிறவர் காலால் தட்டிய கல் பின்னே வருகிறவர் தலையைத் தேடி வரும், ஹெல்மெட் கட்டாயம். இறங்கும்போதும் அதே பாறைதான். பிற்பகலில் இடி மழை வந்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

ஆக, வித்தியாசம் 6 மீட்டர். அதற்காகக் கூடுதலாகக் கொடுப்பது போக வர ஏறக்குறைய ஒரு மணி நேரமும் விழுந்தால் பிழைக்காத ஓரிரு இடங்களும். பாறை ஏறிப் பழகியவர் கொடுக்கட்டும். புராணத்துக்காக வருகிறவர் ஸ்கோலியோவோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பேன். ஜீயஸின் அரியணை என்று காட்டுவது மிட்டிகாஸை அல்ல, பக்கத்திலுள்ள ஸ்டெஃபானியைத்தான். பழங்காலத்தவர் பலியிட்ட சாம்பலும் நாணயங்களும் பானை ஓடுகளும் கிடைத்தது ஆயியோஸ் அந்தோனியோஸ் முகட்டில். அது உச்சியைவிட ஏறக்குறைய 100 மீட்டர் தாழ்வு. மிட்டிகாஸில் மனிதர் கால் வைத்ததாகப் பதிவாகியிருப்பதே 1913 ஆகஸ்ட் 2இல்தான்: சுவிட்சர்லாந்துக்காரர்களான ஃபிரெடெரிக் புவாசோனா, டானியல் போ-போவி இருவரும், வழிகாட்டி கிறிஸ்டோஸ் காக்கலோஸும்.

அன்றே பிரியோனியா வரை இறங்கினால் இறக்கம் மட்டும் 1,800 மீட்டர். மறுநாள் மாடிப்படிகூடக் கசக்கும். அந்த நாளை அடிவாரத்துத் தொல்லியல் களமான டியோனுக்கு வைத்துக்கொள்ளுங்கள், சமதரை. ஆசியப் படையெடுப்புக்கு முன் அலெக்சாந்தர் இங்கே ஜீயஸுக்கும் கலைத்தேவியருக்கும் 9 நாள் விழா எடுத்ததாகவும், விருந்துக்கு 100 சாய்மஞ்சம் கொள்ளும் கூடாரம் போட்டதாகவும் பண்டைய வரலாற்றாசிரியர் டியோடோரஸ் எழுதிவைத்திருக்கிறார்.