கல்வராயன் பக்கங்கள் – 11: மாத்யூ பாதிரியாரின் மலை

கள்ளக்குறிச்சி என்றதும் வெளியூர்க்காரர்கள் 2024 ஜூன் மாதத்துச் சாராயச் சாவுகளைத்தான் கேட்கிறார்கள். கல்வராயன் மலை என்றால் போலீஸ் கொட்டி அழித்த ஊறல் பேரல்கள். அதையும் இத்தொடரில் பேசித்தான் ஆக வேண்டும். இந்த வாரம் வேறு ஒருவர்: இந்த மலையின் செடிகளுக்குக் கணக்கு எழுதிய பாதிரியார் கே. எம். மாத்யூ.

கேரளத்துக்காரர், 1930இல் பிறந்தவர், சேசு சபைத் துறவி. வாழ்நாளின் பெரும் உழைப்பைக் கொடுத்தது திருச்சிக்கு. 2004இல் காலமானார். தாவரவியல் படித்தவர்களைத் தாண்டி அவர் பெயர் அதிகம் தெரியாது. விண்வெளிக்கு எதையும் அனுப்பாத விஞ்ஞானிகளை நாம் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை.

திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967இல் அவர் ஓர் உலர்தாவரகத்தைத் தொடங்கினார். அதற்கு வைத்த பெயர், தனக்கு முன் அதே சபையில் தாவரங்களைச் சேகரித்த பிரெஞ்சுப் பாதிரியார் ராபினாட்டின் பெயர். இன்றும் அது ராபினாட் ஹெர்பேரியம்தான்.

ஹெர்பேரியம் வேலை பார்க்க எளிது, செய்தால் இடுப்பு ஒடியும். பூவும் காயுமாக ஒரு கிளையை வெட்ட வேண்டும். செய்தித்தாளுக்கு நடுவில் பரப்பி, பலகைகளுக்கிடையே இறுக்கிக் கட்டி, ஈரம் போகும்வரை தாளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். செடிகள் செழித்துப் பூப்பது மழையை ஒட்டித்தான். தாள் காயாமல் உயிரை வாங்குவதும் அப்போதுதான். காய்ந்ததைப் பூச்சி அரிக்காமல் மருந்தில் தோய்த்துக் கெட்டித்தாளில் ஒட்டித் தைத்தால் பாதி வேலை முடியும். மீதி, தாளின் மூலையில் ஒட்டும் சீட்டு: எந்த இடம், எத்தனை மீட்டர் உயரம், எந்தத் தேதி, பறித்தவர் யார், அவருடைய வரிசை எண் என்ன. காய்ந்த பூவில் நிறம் நிற்காது என்பதால் அதையும் பறித்த இடத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும். சீட்டில்லாத கிளை வெறும் சருகு.

மாத்யூவின் நூல்கள் வரும்வரை தென்னிந்தியச் செடிக்குப் பெயர் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் கேம்பிள் தொடங்கிய சென்னை மாகாணத் தாவர நூலைத்தான் புரட்ட வேண்டும். 1915இல் வெளிவரத் தொடங்கி, அவர் 1925இல் இறந்த பிறகு ஃபிஷர் எடுத்து நடத்தி, 1936இல் முடிந்தது. பெரிய வேலைதான். ஆனால் மாகாணம் முழுவதற்கும் ஒரே நூல், அதிலும் படங்கள் கிடையாது. லண்டன் கியூ தோட்டத்து மாதிரிகளோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தவருக்கு அது போதும். ஆத்தூரிலோ திருக்கோவிலூரிலோ இருக்கும் மாணவர் என்ன செய்வார்?

மாத்யூவின் பதில் ‘தமிழ்நாடு கர்நாட்டிக் தாவரங்கள்’ என்ற ஆங்கில வரிசை. 1981இல் களத்தில் சேகரித்த விவரங்கள், 1982இல் கோட்டுப் படங்கள், 1983இல் மூன்று பகுதிகளாகத் தாவர விவரிப்பு, 1988இல் மேலும் படங்கள். சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலை, நம் கல்வராயன் எல்லாம் இதற்குள் அடக்கம். விவரிப்பு நூலுக்கு முன்பே சான்றையும் படத்தையும் வெளியிட்டார் பாருங்கள், அந்த வரிசையில்தான் மனிதர் தெரிகிறார். நான் சொல்வதை நம்பு என்கிற வாத்தியார் இல்லை அவர். இதோ தாள், இதோ எண், நீயே பார்த்துக்கொள் என்கிறவர்.

இந்த வேலை நடந்த காலத்தையும் நினைவில் வைக்க வேண்டும். கல்வராயன் மலையின் ஜாகீர்களை அரசு எடுத்துக்கொண்டது 1976இல்தான். அதுவரை மலையாளிப் பழங்குடி மக்கள் நிலத்துக்கும் மரத்துக்கும் ஜாகீர்தார்களுக்குக் கட்டுப்பட்டிருந்தார்கள். மலையில் யாருக்கு எது சொந்தம் என்று அரசு கணக்குப் பார்க்கத் தொடங்கிய அந்த வருஷங்களை ஒட்டித்தான், எங்கே எந்தச் செடி நிற்கிறது என்று திருச்சிக்காரர்களும் கணக்கெடுத்தார்கள்.

1991இல் மத்தியத் தமிழ்நாட்டுத் தாவரங்களுக்கென்று களப்பயணக் கையேடு ஒன்றையும் எழுதினார். என்னைக் கேட்டால் அவரது பெரிய தொகுதிகளைவிட இதுதான் அவரை நேசிக்க வைக்கிற புத்தகம். பெரிய தொகுதிகள் அறிஞர்களுக்கு. இது காட்டில் நின்றுகொண்டு கையிலிருக்கும் இலையைப் பார்த்து விழிக்கிற மாணவருக்கு. பெரியவர்கள் பலர் கடைசிக் காலத்தில் தங்கள் புகழைத் தொகுப்பார்கள். இவரோ 1999இல் பழனிமலைத் தாவரங்களை மூன்று பகுதிகளாக முடித்துக் கொடுத்தார்.

அவருக்குப் பின் ஹெர்பேரியத்தை ஏற்று நடத்திய மாணவர் எஸ். ஜான் பிரிட்டோ, அவரும் சேசு சபைத் துறவி, மத்திய, வட தமிழ்நாட்டுத் தாவரங்களைப் பற்றிய நூலை 2019இல் கொண்டுவந்தார். தாவரக் குடும்பங்களை அடுக்குவதில் ஆசிரியர் பின்பற்றியது பெந்தம்–ஹூக்கர் வரிசை. மாணவர் அதை விட்டு, மரபணு ஆய்வை அடிப்படையாகக் கொண்ட ஏ.பி.ஜி. முறைக்கு மாறினார். பழைய முறையில் செங்காந்தளும் தண்ணீர்விட்டான் கொடியும் ஒரே குடும்பம்; புதிய முறையில் வேறு வேறு. குருவின் அடுக்கை மாணவர் கலைத்து அடுக்கியிருக்கிறார். அடுக்கு எத்தனை முறை மாறினாலும் எண்ணிட்ட அந்தத் தாள்கள் செல்லுபடியாகும். இதைவிட நல்ல அஞ்சலி எனக்குத் தெரியவில்லை.

மனக்குறை ஒன்று உண்டு. இவ்வளவும் ஆங்கிலத்தில் இருக்கிறது. கடுக்காய் பொறுக்கியும் சாமை விதைத்தும் இந்தக் காட்டோடு வாழ்கிறவர்கள் வெள்ளிமலையிலும் கரியாலூரிலும் இருக்கிறார்கள். அவர்கள் கைக்கு இதில் ஒரு பக்கமும் எட்டாது. அதை மாத்யூவின் குற்றமாகச் சொல்ல மாட்டேன். அடுத்து வந்தவர்கள் செய்திருக்க வேண்டிய வேலை அது.

2019 நவம்பரில்தான் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. அதற்கு முன் விழுப்புரம். 1993க்கு முன் தென்னாற்காடு. ஆகவே மாத்யூ காலத்துக் கல்வராயன் மாதிரிகளைத் தேடுகிறவர்கள் தென்னாற்காடு, சேலம் என்ற பெயர்களில் தேடுங்கள். கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம் பக்கத்துக் கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஐப்பசி, கார்த்திகையில், வனத்துறை அனுமதியோடு, மாணவர்களை மலைக்கு அழைத்துப் போங்கள். நாற்பது ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இடத்தில் அந்தச் செடி இன்னும் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் ஒரு கிளை எடுத்துக் காயவைத்து, மாவட்டத்தின் பெயரைப் புதிதாக எழுதி, ஒரு பிரதியைத் திருச்சிக்கு அனுப்புங்கள்.

(தொடரும்)