நாற்பதுக்கு மேல் நற்பணி – 14: எதிரணி அச்சிட்ட இலக்கணம்

போன வாரம் ஏலாக்குறிச்சியில் நிறுத்தியிருந்தோம். இத்தாலியில் பிறந்த பெஸ்கி சாமி, அதாவது வீரமாமுனிவர், கொள்ளிடக் கரைக்கு வந்து சேர்ந்ததையும், அந்த ஊரைத் திருக்காவலூர் ஆக்கி அடைக்கல மாதாவுக்குக் கலம்பகம் பாடியதையும் தொடர்ந்து படிப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இந்த வாரம் அரியலூர், பெரம்பலூர் கிராமங்களின் உபதேசியார்களைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுதத்தான் உட்கார்ந்தேன். 1738 என்ற ஆண்டு குறுக்கே வந்துவிட்டது. அதைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை.

அந்த ஆண்டு தரங்கம்பாடியில் ஒரு புத்தகம் அச்சாயிற்று. மக்கள் பேசும் தமிழுக்கு லத்தீனில் எழுதப்பட்ட இலக்கணம் அது. கொடுந்தமிழ் இலக்கணம் என்று இன்று சொல்கிறோம். எழுதியவர் கத்தோலிக்கக் குருவான வீரமாமுனிவர். அச்சிட்டவர்கள் லுத்தரன் சபை மிஷனரிகள்.

இன்றைக்கு எல்லாச் சபையாரும் ஒரே மேடையில் உட்கார்ந்து கிறிஸ்துமஸ் விழா நடத்துகிறார்கள். அதனால் இந்தச் செய்தியின் கனம் சட்டென்று தெரியாது. அந்தக் காலத்தில் இரண்டு சபைகளுக்கும் ஆகவே ஆகாது. வேத விளக்கம், பேதகமறுத்தல், லுத்தேரினத்தியல்பு என்று வீரமாமுனிவர் எழுதிய கண்டன நூல்கள் எல்லாம் தரங்கம்பாடியைக் குறி வைத்தவைதான். அங்கிருந்தும் பதிலுக்குக் கண்டனம் வந்தது. ஏலாக்குறிச்சியிலிருந்து கொள்ளிடக் கரையோடு கிழக்கே போனால் கடல், கடலோரமாகச் சற்றுத் தெற்கே இறங்கினால் தரங்கம்பாடி. நிலத்தில் அவ்வளவுதான் தூரம். மனத்தில் இருந்த தூரம் மிகப் பெரிது.

இத்தனைக்கும் தரங்கம்பாடி மிஷனரிகளிடம் சொந்தமாகவே ஓர் இலக்கணம் இருந்தது. சீகன்பால்க் லத்தீனில் எழுதி, 1716ல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சானது. மூன்றே ஆண்டுகளில், 36 வயதில், சீகன்பால்க் தரங்கம்பாடியிலேயே காலமானார். தங்கள் சபையின் தந்தை எழுதிய நூல் கையில் இருக்கும்போதே, தங்களைத் திட்டி எழுதுகிறவரின் நூலைத் தங்கள் அச்சுக்கூடத்தில், தங்கள் காகிதத்தில் அச்சிட்டார்கள். அடுத்த ஆண்டே, அவர்களில் ஒருவரான வால்தர் அந்த இலக்கணத்துக்குத் துணையாகச் சில குறிப்புகளையும் எழுதி வெளியிட்டார்.

ஏன் செய்தார்கள்? வேலைக்கு ஆகிற புத்தகம் அது. கப்பலில் வந்து இறங்கும் இளைஞன் நாளைக் காலையில் தமிழில் பேசியாக வேண்டும். அதற்கு எந்த நூல் கைகொடுக்கும் என்று பார்த்தார்கள். எழுதியவர் யார் என்பது இரண்டாம் பட்சமாயிற்று.

வீரமாமுனிவர் அதை எழுதி முடித்தது 1728ல். அப்போது அவருக்கு 47 வயது. புதிதாக மதுரை மிஷனுக்கு வரும் தம் சபைக் குருக்களுக்காகவே எழுதினார். தாம் முட்டி மோதிக் கற்றதை அடுத்து வருகிறவன் எளிதாகக் கற்கட்டும் என்ற அக்கறைதான் அந்த நூலின் அடித்தளம். அந்த அக்கறை வேலி தாண்டிப் போய், யாருக்காக எழுதவில்லையோ அவர்களுக்கும் பயன்பட்டது.

இந்தத் தொடரில் நான் திரும்பத் திரும்பச் சொல்லி வருவது இதைத்தான். நாற்பதுக்கு மேல் ஒருவர் செய்யும் சேவையில் தலையாயது, பின்னால் வருகிறவனுக்குக் கருவி செய்து கொடுப்பது. இருபதில் உடம்பைக் கொடுக்கலாம். கற்றுத் தேர்ந்ததைக் கொடுக்க வயது வேண்டும்.

வீரமாமுனிவரின் ஆண்டுகளைப் பாருங்கள். 1680 நவம்பரில் பிறப்பு. 1710ல் கோவா. அதன்பின் ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் ஊர் ஊராக அலைச்சல், பூசை, ஒப்புரவு, வழக்குத் தீர்ப்பது, அதற்கிடையே பண்டிதர்களிடம் பாடம். சுப்பிரதீபக் கவிராயர் அவருக்கு ஆசிரியராக இருந்தார் என்பது வழிவழிச் செய்தி. பெரிய நூல்கள் அதற்குப் பிறகுதான். 3615 பாடல்கள் கொண்ட தேம்பாவணி 1726ல். கொடுந்தமிழ் இலக்கணம் 1728ல். ஐந்திலக்கணமும் சொல்லும் தொன்னூல் விளக்கம் 1730ல், ஐம்பதைத் தொடும்போது. சதுரகராதி 1732ல், ஐம்பத்தொரு வயதில். உபதேசியார்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் வேதியர் ஒழுக்கமும் இந்தக் காலகட்டத்தில் வந்ததுதான். தேம்பாவணியைத் தனியே வைத்துவிட்டால், மற்ற எல்லாமே பிறர் எடுத்துப் புழங்குவதற்கான கருவிகள்.

அதில் ஒரு கருவியை நாம் எல்லோரும் தினமும் தொடுகிறோம். அன்றைய சுவடியில் ‘எரி’ என்று எழுதினாலும் ‘ஏரி’ என்று எழுதினாலும் பார்ப்பதற்கு ஒன்றாகவே இருக்கும். குறில் என்று காட்ட மேலே புள்ளி வைக்க வேண்டும் என்பது தொல்காப்பியக் காலத்து விதி. ஆனால் ஓலையை இடது கையில் பிடித்து, எழுத்தாணியைக் கட்டைவிரலில் அண்டக் கொடுத்து, ஓலையை நகர்த்தி நகர்த்தி எழுதும்போது கோடு வழுக்கிக்கொண்டு போகும். புள்ளி மட்டும் குத்தும், ஓலை பொத்துப் போகும். அதனால் எழுதுகிறவர்கள் புள்ளியை விட்டுவிட்டார்கள். குறிலா நெடிலா என்பதைப் படிக்கிறவன்தான் இடம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழிலேயே பிறந்தவனுக்கு அது பழக்கம். புதிதாகப் படிக்க வந்தவனுக்கோ ஒவ்வொரு வரியும் கண்டம். வீரமாமுனிவர் ‘எ’ என்பதன் காலை இழுத்து ‘ஏ’ ஆக்கினார். ‘ஒ’ என்பதைச் சுழித்து ‘ஓ’ ஆக்கினார். ‘கெ’யின் கொம்புக்கு மேலே இன்னொரு சுழி சேர்த்துக் ‘கே’ ஆக்கினார். இந்த மாற்றத்தை அவர் பெயரோடு சேர்த்தே தமிழுலகம் சொல்கிறது. மாணவனாக முட்டுப்பட்ட இடத்தை நினைவில் வைத்திருந்து, ஆசிரியரான பிறகு அங்கே கல்லை அகற்றிப் போட்டவர் அவர்.

இன்னொரு செய்தி. வீரமாமுனிவர் 1747 பிப்ரவரி 4 அன்று, 66ஆவது வயதில், கேரளத்து அம்பழக்காட்டில் காலமானார். அதே அம்பழக்காட்டில்தான் 1679ல், அவர் பிறப்பதற்கு முந்தைய ஆண்டு, புரோவென்சா அடிகளார் தொகுத்த தமிழ்-போர்த்துக்கீசிய அகராதி அச்சாயிற்று. தொகுத்தவர் 1666லேயே இறந்துபோனார். அச்சில் பார்க்கும் பேறு அவருக்கு இல்லை. வீரமாமுனிவருக்கும் பெரும்பாலான நூல்களில் அந்தப் பேறு கிடைக்கவில்லை. தேம்பாவணி புதுச்சேரியில் அச்சேறியது 1850களில், அவர் மறைந்து நூறு ஆண்டுகளுக்குப் பிறகு. தமக்குப் பின்னால் யார் எடுத்துப் படிப்பார்கள் என்று தெரியாமலே எழுதி வைத்தார்கள். விசுவாசம் என்றால் எனக்கு இதுதான் நினைவுக்கு வருகிறது.

வயது போய்விட்டது என்று சொல்கிறவர்களுக்குப் போப் ஐயரையும் சொல்லிவிடுகிறேன். பத்தொன்பது வயதில், 1839ல் தமிழகம் வந்தவர். திருக்குறளை ஆங்கிலத்தில் வெளியிட்டபோது 66 வயது. நாலடியாருக்கு 73. திருவாசகம் வந்தது 1900ல், எண்பது வயதில். அவர் கதை தனி வாரம் கேட்கும், வைத்துக்கொள்கிறேன்.

இப்போது நம் மண்ணுக்கு வருவோம். தமிழக அரசு ஊழியர் 60 வயதில் ஓய்வு பெறுகிறார். பங்குக் குருவிடம் 75 வயதில்தான் திருச்சபைச் சட்டம் விலகல் கடிதம் கேட்கிறது. அந்தக் கணக்கில் பார்த்தால், ஓய்வுபெற்ற ஆசிரியருக்கும் செவிலியருக்கும் வி.ஏ.ஓ.வுக்கும் இன்னும் பதினைந்து ஆண்டு ஊழியம் பாக்கி இருக்கிறது. அரியலூரின் முந்திரிக்காட்டு ஊர்களிலும், பெரம்பலூரின் பருத்தி, மக்காச்சோள ஊர்களிலும் ஒரு பங்குக்குப் பல கிளைக் கிராமங்கள் உண்டு. சாமியார் எல்லா நாளும் எல்லா ஊருக்கும் வர முடியாது. மணி அடிப்பதற்கும், செபமாலை சொல்லிக் கொடுப்பதற்கும், சாவு வீட்டில் முதல் ஆளாகப் போய் நின்று செபிப்பதற்கும் ஊரில் ஒருவர் வேண்டும். அவர்தான் உபதேசியார். எந்தக் குடும்பம் எந்த வருத்தத்தில் இருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். எந்த நோயாளிக்கு எந்த ஆஸ்பத்திரி, எந்த விதவைக்கு எந்த மனு என்பதும் அவருக்குத் தெரியும். இவ்வளவும் அவர் தலைக்குள் இருக்கிறது. எழுத்தில் இல்லை.

அவர்களைப் பற்றி விரிவாக எழுத இந்த வாரம் இடம் போதவில்லை. அடுத்த வாரம் முழுக்க அவர்களுக்கும், வேதியர் ஒழுக்கத்துக்கும்தான். அதற்குள் வாசகர்கள் ஒரு காரியம் செய்ய வேண்டும். உங்கள் ஊரில் வயதான உபதேசியாரோ, கோயில்பிள்ளையோ, பாஸ்கா நாடகம் நடத்திய வாத்தியாரோ இருந்தால், நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போங்கள். அவருக்குத் தெரிந்த பாட்டு, செபம், நாடக வசனம், ஊர்க் கோயில் கட்டிய விவரம், எல்லாவற்றையும் அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள். அவரே எழுதினால் இன்னும் நல்லது. ஐம்பதைத் தாண்டியவர் நீங்களாக இருந்தால், உங்கள் தொழிலில் நீங்கள் கற்றதை அடுத்தவனுக்குப் புரிகிற மாதிரி இன்றைக்கே எழுதத் தொடங்குங்கள்.