கட்-ஆஃப் கேட்கிறதுக்குப் பதிலா ‘கருக்கு’ படிக்கலாம்

முதல் வருஷத்துல யாராவது “உன் கட்-ஆஃப் எவ்ளோ?”ன்னு கேட்டா, பல நேரம் அது மார்க் பத்தின கேள்வி இல்ல. கவுன்சிலிங்ல எந்தப் பிரிவுல வந்தேன்னு தெரிஞ்சுக்கிற கேள்வி. சாதியை நேராகக் கேட்கக் கூச்சப்படுற நாம, சுத்தி வளைச்சுக் கேட்கக் கூச்சப்படுறதில்ல. அதனால நாலு வருஷம் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிட்டும், இதை ஒரு தடவைகூடப் பேசாமலே டிகிரி வாங்கிட்டுப் போயிடுறோம்.

இந்தப் பேச்சைத் தொடங்க ஒரு நல்ல வழி, வாசிப்பு வட்டம். 2020 மே மாசம் அமெரிக்காவுல ஜார்ஜ் ஃபிளாய்ட் போலீஸ் கையில் இறந்தப்போ, இனவெறி பற்றிய புத்தகங்கள் விற்பனைப் பட்டியலில் மேலே ஏறின. ஊர் ஊரா சேர்ந்து படிச்சாங்க. ‘வசதியானவங்க கூடிப் படிச்சிட்டு மனசைத் தேத்திக்கிறாங்க, அவ்வளவுதான்’னு விமர்சனமும் வந்துச்சு. அதுல நியாயம் இருக்கு.

நம்ம ஊருக்கு இது புதுசு இல்ல. திராவிட இயக்கப் படிப்பகங்களிலும் சலூன்களிலும் ஒருத்தர் பேப்பரைச் சத்தமாப் படிக்க, எழுத்து தெரியாதவங்க சுத்தி உட்கார்ந்து கேட்டாங்க. ஐ.ஐ.டி. மெட்ராஸில் 2014-ல் அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டம் தொடங்கினாங்க. 2015-ல் நிர்வாகம் அங்கீகாரத்தை ரத்து செஞ்சு, பெரிய போராட்டத்துக்கு அப்புறம் திருப்பிக் கொடுத்துச்சு. (புத்தகம் படிக்கிறதுக்கே இவ்வளவு பதற்றம்!) நம்ம ஆவடி பக்கத்துக் கரலபாக்கத்துல வளர்ந்த இயக்குநர் பா. ரஞ்சித், 2018-ல் வளசரவாக்கத்தில் ‘கூகை’ நூலகத்தைத் தொடங்கினார்.

சரி, எதைப் படிக்கிறது? பாமாவின் ‘கருக்கு’ (1992) சின்னப் புத்தகம், ஒரு ஞாயித்துக்கிழமையில முடிச்சிடலாம். அதுல ஒரு இடம். ஊர்ப் பெரியவர் ஒருத்தர் பலகாரப் பொட்டலத்தைக் கையால தொடாம, கயித்தைப் பிடிச்சுத் தூக்கிட்டுப் போறார். பார்க்கிற சின்னப் பொண்ணுக்குச் சிரிப்பு வருது. ஏன் அப்படித் தூக்கினார்னு அண்ணன் சொன்னதும் சிரிப்பு நின்னு கோபம் வருது. வட்டத்துல இதைப் படிக்கும்போது நாமளும் முதல்ல அவகூடச் சிரிச்சிடுவோம். அதான் விஷயம். ‘எங்க வீட்டுல தனி டம்ளர் இருந்துச்சு’ன்னு ஒருத்தர் சொல்ல அந்தப் பொட்டலம் இடம் கொடுக்கும். ‘நீ என்ன ஆளு’ங்கிற கேள்வி கொடுக்காது.

ஒரு விஷயத்துல மட்டும் கறாரா இருக்கணும். வட்டத்துல இருக்கிற தலித் நண்பரைப் பார்த்து “உனக்கு இப்படி நடந்திருக்கா?”ன்னு கேட்கக் கூடாது. அவர் சாட்சி சொல்ல வரல, படிக்க வந்திருக்கார். முதல்ல பேச வேண்டியது, தன் வீட்டுல என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சும் சும்மா இருந்தவங்க.

அடுத்ததா இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994) எடுக்கலாம். தலித் குடிகளுக்குத் துணி வெளுக்கிற ஆரோக்கியத்தோட கதை. ஒடுக்கப்பட்டவங்களுக்குள்ளேயும் மேல்-கீழ் இருக்குன்னு காட்டுறதால வந்தப்போ பெரிய சர்ச்சை ஆச்சு. வட்டத்துல யாரும் நிம்மதியா சாய்ஞ்சு உட்கார முடியாது.

பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்ல. ஏழெட்டுப் பேர், ரெண்டு பிரதி, மாசம் ஒரு சனிக்கிழமை. அம்பத்தூரோ ஆவடியோ பூந்தமல்லியோ, பக்கத்துல இருக்கிற கிளை நூலகத்துல முதல்ல கேட்டுப் பாருங்க. படிக்காம வந்தவங்களையும் உட்கார விடுங்க. பாதிப் பேர் அப்படித்தான் வருவாங்க, அவங்களுக்கு யாராவது சத்தமாப் படிச்சுக் காட்டட்டும்.