நடுவில் நின்ற வீரர்

அமெரிக்கர் 'ஃபுட்பால்' என்று சொல்லும் ஆட்டம் நாம் அறிந்த கால்பந்து அன்று. அதில் நீள்வட்ட வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவார்கள். எதிரணியினர் மோதி வீழ்த்துவார்கள். ஓர் அணிக்கு 11 பேர். முன்வரிசையின் நடுவே குனிந்து நிற்பவருக்குச் 'சென்டர்' என்று பெயர். பந்தைத் தம் கால்களுக்கிடையே பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குபவர் அவரே. கொடுத்த கணமே, எதிரே பாய்ந்து வருபவரைத் தம் உடலால் தடுக்க வேண்டும். கைதட்டல் பெரும்பாலும் பந்தோடு ஓடுபவருக்குத்தான்.

இந்த இடத்தில் 17 ஆண்டுகள் ஆடியவர் மைக் வெப்ஸ்டர். 1952-ல் விஸ்கான்சின் மாநிலத்தில் பிறந்த இவர், 1974-ல் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியில் சேர்ந்தார். அந்த அணிக்காக 15 ஆண்டுகளில் 220 ஆட்டங்கள் ஆடினார். அணி நான்கு முறை 'சூப்பர் பௌல்' வெற்றி பெற்றது. உறைபனிக் காலத்திலும் அரைக்கைச் சட்டையோடு நிற்பார். 'இரும்பு மைக்' என்று மக்கள் அழைத்தனர். பின்னர் கான்சாஸ் சிட்டி அணியில் ஈராண்டுகள் ஆடி ஓய்வு பெற்றார். 1997-ல் புகழ்மிகு வீரர்களின் வரிசையில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

ஆனால் ஓய்வுக்குப் பின் நினைவு தடுமாறியது. செல்வம் கரைந்தது. சில நாட்கள் தம் வண்டியிலேயே உறங்கினார். 2002-ல், 50-ஆம் வயதில் இறந்தார்.

அவர் உடலை ஆராய்ந்தவர் பென்னட் ஒமாலு. நைஜீரியாவில் பிறந்த கத்தோலிக்க மருத்துவர். வெளிப்பார்வைக்கு மூளையில் குறை தெரியவில்லை. நுண்ணோக்கியில் பார்த்தபோதோ, 'டௌ' என்னும் புரதம் ஆங்காங்கே படிந்திருந்தது. தலையில் திரும்பத் திரும்பப் பட்ட அடிகளின் விளைவு அது. தலைக்கவசம் மண்டையோட்டைக் காக்கும். உள்ளே மூளை குலுங்குவதைத் தடுக்காது. மயங்கி விழச் செய்யாத சிறு மோதல்களும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து தீங்கு செய்கின்றன.

2005-ல் வெளியான இந்த ஆய்வைத் திரும்பப் பெற வேண்டும் என்று ஆட்டச் சங்கத்தின் மருத்துவர்கள் வற்புறுத்தினர். ஒமாலு இணங்கவில்லை. 2016-ல் அச்சங்கத்தின் உயர் அதிகாரி ஒருவரே இந்தத் தொடர்பை ஒப்புக்கொண்டார். இதற்கிடையே விதிகளும் மாறின. தலையில் அடிபட்டதன் அறிகுறி தெரிந்தால் அன்று மீண்டும் ஆட அனுமதியில்லை.

தங்கைகளே, வலியை மறைப்பது வீரம் அன்று. விளையாட்டில் தலையில் அடிபட்டால் உடனே ஆசிரியையிடமும் பெற்றோரிடமும் சொல்லுங்கள். உடல் இறைவன் தந்த கொடை. அதைப் பேணுவதும் நம் கடமையே.